லித்தியம் சார்ஜர் போர்டில் சூப்பர் கெப்பாசிட்டர்: செய்து பார்த்தது

குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குத் தலையில் கட்டும் லைட்டில் செல் செத்தாலும் சார்ஜர் போர்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அப்படிக் கழற்றிய டிபி4056 போர்டில், செல்லுக்குப் பதில் சூப்பர் கெப்பாசிட்டரை (நிறைய சார்ஜைத் தேக்கிவைக்கும் பெரிய கெப்பாசிட்டர்) ஏற்றிப் பார்த்ததுதான் முதல் சோதனை. 100 பாரட் (கெப்பாசிட்டரின் கொள்ளளவு அலகு), அதிகபட்சம் 2.7 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டர் இரண்டைத் தொடராக இணைத்தால் மொத்தம் 50 பாரட். போர்டு 4.2 வோல்ட்டில் நிறுத்திவிடும், ஒவ்வொன்றுக்கும் 2.1தான், பயமில்லை.

சிக்கல் தொடக்கத்தில். 2.9 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சிப் அதை அடிமட்டம் வரை இறங்கிய செல்லாக எடுத்துக்கொண்டு, பத்தில் ஒரு பங்கு கரண்டு மட்டுமே விடும். 50 × 2.9 ÷ 0.1 = 1450 விநாடி; அதாவது 24 நிமிடம். மீதி 1.3 வோல்ட்டுக்கு 1 ஆம்பியரில் ஒரு நிமிடம் போதும், ஆனால் அப்போது சிப்பில் 2 வாட் வரை சூடு. விரல் வைக்க முடியாது. சிப் தானே கரண்டைக் குறைத்துக்கொள்ளும். கரண்டைத் தீர்மானிக்கும் 1.2 கிலோஓம் ரெசிஸ்டரை மாற்றினாலும் அந்தப் பத்தில் ஒரு பங்கு மாறாது.

ஆகவே அடுத்து வோல்ட்டைக் குறைத்துத் தரும் எக்ஸ்எல்4015 மாடியூல், கரண்டும் வோல்ட்டும் தனித்தனியே திருகி வைக்கும் வகை. 12 வோல்ட் அடாப்டர் கொடுத்து, லோடு இல்லாமல் 5.0 வோல்ட் வையுங்கள். பிறகு மீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் அவுட்புட்டுக்குக் குறுக்கே வைத்து 1 ஆம்பியருக்குத் திருகுங்கள். பூஜ்யத்திலிருந்து நிறைய நாலரை நிமிடம்கூட ஆகவில்லை.

அவுட்புட்டில், கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் 1என்5822 டையோடு கட்டாயம். இல்லையென்றால் அடாப்டரை எடுத்ததும் சார்ஜ் மாடியூல் வழியே வடிந்துபோகும். டையோடில் விழும் வோல்ட்டை ஈடுகட்ட செட்டிங்கை ஏற்றாதீர்கள். கரண்டு குறையக் குறைய அந்த வீழ்ச்சியும் குறைந்து, கெப்பாசிட்டர் மெல்ல மேலே ஏறிவிடும்.

ஜோடி சேர்ப்பதில்தான் கெப்பாசிட்டர் சாகிறது. ஒன்று 80, மற்றது 120 பாரட் என்றால் 5 வோல்ட் 3.0, 2.0 என்று பிரியும், சின்னது வீங்கும். குறுக்கே போடும் 1 கிலோஓம் ரெசிஸ்டர் கசிவு வித்தியாசத்தைத்தான் சரிக்கட்டும், இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. ஒவ்வொன்றையும் தனியே, செட்டிங்கை 2.5 வோல்ட்டுக்கு இறக்கிவைத்து, 1 ஆம்பியரில் 2 வோல்ட் வரை ஏற்றி நேரம் பாருங்கள்: 100 பாரட்டுக்கு 200 விநாடி. வித்தியாசம் பத்து சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டினால் 4.6 வோல்ட்டோடு நிறுத்துங்கள்.

5-லிருந்து 2.5 வோல்ட் வரை இறங்கும்போது கிடைப்பது 469 ஜூல். வோல்ட்டை ஏற்றித் தரும் பூஸ்ட் மாடியூலின் இழப்பு போக 0.2 வாட் எல்இடி அரைமணி நேரம் எரியும். கரண்டு போனால் படிக்கட்டில் எரிய இது போதும், பால்வெட்டுக்குப் போதாது. குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்தில் உப்புக்காற்று, மாடியூலில் வோல்ட்டைத் திருகி வைக்கும் பொட்டின் (மாறும் ரெசிஸ்டர்) உள்ளே அரித்து வோல்ட்டை நகர்த்திவிடும். செட் பண்ணி முடித்ததும் அதன்மேல் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வையுங்கள்.