போன காத்துத் திரும்பி வரும்

பள்ளிக்கூடப் பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கச் செயலாளர் வாட்ஸப்பில் மூன்று முறை கேட்டுவிட்டார். கிரிக்கெட் மாட்ச், விடுதிச் சாப்பாடு, மதில் பாய்ந்து படம் பார்க்கப் போனது எல்லாவற்றையும் முந்திய மலர்களிலேயே எழுதித் தீர்த்துவிட்டார்கள் (அதில் பாதி புளுகு, நானும் மதில் பாய்ந்தவன் என்பதால் தெரியும்). ஆகவே நான் ஒரு கொப்பியைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் புவியியல் சேரின் சீ.ஆர். கொப்பி, தடித்த மட்டை போட்ட பெரிய நோட்டுப் புத்தகம். சேரின் பட்டப்பெயரைச் சொன்னால் எழுபதுகளின் கடைசியில் படித்தவர்களுக்கு ஆளைத் தெரிந்துவிடும், சொல்லவில்லை. படுவான்கரை ஆள், மட்டக்களப்பு வாவிக்கு மேற்குக் கரை. விடியப்புறம் சைக்கிளோடு மண்முனைத்துறையில் பாதை ஏறி, ஆரையம்பதியில் இருந்து மிதித்து, கல்லடிப் பாலம் தாண்டி, முதல் மணி அடிக்குமுன் வந்து நிற்பார். கனடாவில் பிறந்த பிள்ளைகளும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு சொல்: மட்டக்களப்பில் பாதை என்றால் ரோட்டு மட்டுமில்லை, ஆளையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவைக்கும் அதுதான் பெயர்.

1978 நவம்பர் 23, வியாழக்கிழமை. சூறாவளி என்றாலே அந்த ஒன்றுதான் என்கிற அளவுக்கு நம் ஊரில் நிற்கிற நாள். எனக்குப் பதின்மூன்று வயது. எங்கள் வீடு கல்லடியில், ஓட்டு வீடு. பின்னேரம் காற்று இறுகத் தொடங்கியதும் பக்கத்துக் கிடுகு வீட்டுச் சனமெல்லாம் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டார்கள், எல்லாமாக இருபது பேருக்கு மேல். இருட்டினபிறகு ஓடுகள் ஒவ்வொன்றாகக் கழன்று பறக்கிற சத்தம், யாரோ கூரையில் இருந்து பீங்கான்களை எடுத்து எறிகிற மாதிரி. சின்னவர்கள் எல்லோரையும் மேசைக்குக் கீழே தள்ளிவிட்டு அம்மா மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

அப்புறம் சட்டென்று காற்று நின்றது. எவ்வளவு நேரம் நின்றதென்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. மழைகூட நின்ற மாதிரி ஞாபகம். காது அடைத்துப்போன மாதிரி ஒரு அமைதி, அதற்குள் எங்கேயோ ஒரு நாய். ஆண்கள் எல்லோரும் எழும்பினார்கள். மாமா கதவுத் தாழ்ப்பாளில் கைவைத்து, "அம்மா, காத்து விட்டுட்டு. மாட்ட அவிட்டு உட்டுட்டு வாறன்" என்றார்.

பெத்தாவுக்கு, அதாவது அம்மாவின் தாய்க்கு, அப்போது எழுபத்தைந்து தாண்டியிருக்கும். நடப்பதென்றால் சுவரைப் பிடித்துத்தான் நடப்பார். அந்த மனுசி எழும்பி வந்து கதவு நிலைக்குக் குறுக்கே, படியில், காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார்.

"ஒருத்தரும் வெளிய போகப்படா. போன காத்துத் திரும்பி வரும். இவ்வளவு நேரமும் வடக்கால வந்தது, மறுகா தெக்கால வரும். போறண்டா என்னக் கடந்து போ பாப்பம்."

பெற்ற தாயைக் கடந்து போக எந்த மகனால் முடியும்? மாமா வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு நின்றார். பெத்தா படியில் இருந்தபடியே உத்தரவு போட்டார்: பெட்டகத்தை இழுத்துத் தெற்குக் கதவோடு சாத்து, பிள்ளைகளை இந்த அறைக்குக் கொண்டுவா, லாம்பை அணை. நாலு பேர் பிடித்தும் பெட்டகம் அசைய மறுத்தது. அதைக் கதவோடு சேர்த்து வைத்துக் கொஞ்ச நேரம் ஆகியிருக்காது, தெற்கில் இருந்து வந்து அறைந்தது பாருங்கள், பெட்டகமே ஒரு சாண் உள்ளே நகர்ந்தது. தகரம் பொறுக்கவென்று வெளியே இறங்கிய அடுத்த ஒழுங்கைக்காரர் ஒருவருக்குத் தோளில் வெட்டு. நல்லகாலம், உயிர் தப்பினார். தழும்பைக் காட்டிக் காட்டியே மிச்சக் காலத்தை ஓட்டினார் மனுசன்.

விடிந்து பார்த்தால் ஊரில் தென்னைகளைக் காணவில்லை. இருந்தவற்றுக்கும் தலை இல்லை. கிழக்கு முழுக்க நூற்றுக்கணக்கில் சனம் செத்துப்போனது. இதையெல்லாம் இந்த மலரிலேயே வேறு ஆட்கள் எழுதியிருக்கிறார்கள்.

பள்ளிக்கூடம் திரும்பத் திறந்தபோது எங்கள் வகுப்புக்குக் கூரை இல்லை, படங்கு கட்டியிருந்தார்கள். காற்றுக்குப் படங்கு படபடவென்று அடிக்கும், அடிக்கும்போதெல்லாம் பாதிப் பேர் திடுக்கிட்டு மேலே பார்ப்போம். சேர் அன்றைக்குப் பாடப்புத்தகத்தைத் திறக்கவில்லை. கரும்பலகையில் ஒரு பெரிய வட்டம், நடுவில் ஒரு சின்ன வட்டம். பூமத்தியரேகைக்கு வடக்கே சூறாவளி இடஞ்சுழியாகச் சுற்றும், நடுவில் உள்ளது அதன் கண், அங்கே காற்று இராது. கிழக்கே இருந்து வருகிற சூறாவளியின் கண் உன் தலைக்கு மேலால் போனால் முதலில் வடக்கில் இருந்து வாடை அடிக்கும், கண் கடக்கும்போது அமைதி, கடந்ததும் தெற்கில் இருந்து, சோழகப் பக்கத்தால் அடிக்கும். வெண்கட்டியால் அம்புக்குறி போட்டுப் போட்டுக் காட்டினார்.

நான் எழும்பி, "சேர், எங்கட பெத்தா இதத்தான் சொன்னவ" என்றேன். வகுப்பு சிரித்தது. சேர் சிரிக்கவில்லை, வெண்கட்டியை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"அவவுக்கு ஆர் சொன்னது?"

"தெரியா சேர்."

"ஆருக்கு நடந்தது? எப்ப நடந்தது? கேட்டுக்கொண்டு வா." பிறகு வகுப்பு முழுவதையும் பார்த்துச் சொன்னார், வீட்டில் ஆக வயது கூடியவரிடம் போய், காற்றோ வெள்ளமோ வயலோ எதைப் பற்றியாவது அவர் சொல்கிற ஒரு புத்தியை வாங்கி வரவேண்டும், அது யாருக்கு எப்போது நடந்ததால் வந்தது என்பதையும் சேர்த்து வாங்கி வரவேண்டும்.

பெத்தா முதலில் மசியவில்லை. "பள்ளிக்கூடத்துக்கு இதெல்லாம் என்னத்துக்கு?" இரண்டு மூன்று நாள் பின்னால் திரிந்தேன். ஒரு பின்னேரம் சுளகில் அரிசி போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது, நான் கேட்காமலே, தலை நிமிராமலே சொன்னார். அவவுக்கு ஆறு ஏழு வயதாம். இதே மாதிரி ஒரு காற்று. நடுவில் நின்றுவிட்டது. அண்ணன், பெரிய பெடியன் இல்லை, பன்னிரண்டு பதின்மூன்று இருக்கும், கட்டையில் கட்டிக்கிடந்த கன்றுக்குட்டியை அவிழ்த்துவிட ஓடினான். விடியத்தான் எடுத்தார்கள், தென்னை விழுந்து கிடந்தது. "கண்டுக்குட்டி உசிரோட நிண்டது மனே" என்றார். அவ்வளவுதான். விரல் கல்லைத் தேடிக்கொண்டே இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன், குசினி வாசலில் அம்மா அகப்பையோடு நிற்கிறார். தன் தாய்க்கு இப்படி ஒரு அண்ணன் இருந்தது அம்மாவுக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

எனக்கும் அப்போது பதின்மூன்று.

சேர் அதைக் கொப்பியில் எழுதினார். மூன்று நிரல் போட்டிருந்தார்: சொன்னது, சொன்னவர், நடந்தது. எங்கள் வகுப்பில் நாற்பது பேர், நாற்பது புத்தி. முதல் நிரலைக் கடகடவென்று நிரப்பிவிட்டார்கள், மூன்றாவதுதான் பலருக்கு வெறுமை. அங்கே சேர் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைப்பார். கண்டித்ததில்லை, "இன்னொருக்காக் கேட்டுப் பார்" என்பார்.

எறும்பு முட்டை காவினால் மழை என்று ஆறு பேர் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள், ஆறுக்கும் கேள்விக்குறி. வவுணதீவுப் பக்கத்துப் பெடியன் கொண்டுவந்தது வேறு ரகம். விதைநெல்லை ஒரே கூரைக்குக் கீழே வைக்காதே என்பது அவன் அம்மப்பாவின் கட்டளை. மூன்றாம் நிரலில் 1957 வெள்ளம். பட்டறையில் இருந்த நெல் முழுக்க ஊறி முளைத்துப் போக, அடுத்த போகத்துக்கு விதைக்கக் கடன் வாங்கி, அந்தக் கடன் தலைமேல் ஏறி, ஒரு துண்டு வயல் கைமாறிவிட்டது. அன்றில் இருந்து விதைநெல்லில் பாதி இங்கே, பாதி மேட்டுக்காணியில் மகள் வீட்டில். 78இல் இவர்கள் கூரை பறந்து நெல் நனைந்தபோது மகள் வீட்டு நெல்தான் வயலுக்குப் போனது. இன்னொருவன், கூட்டாளிக்குக் கடன் கொடுக்காதே என்று எழுதி வந்தான். நடந்தது என்னவென்று விசாரித்தால், அவன் அப்பப்பா இரவல் கொடுத்த வண்டிச்சில்லு ஒன்று இருபது வருடமாகத் திரும்பி வரவில்லையாம், அந்தக் கூட்டாளி எங்கள் வகுப்பிலேயே இருந்த இன்னொருவனின் அப்பப்பாவாம். அன்றைக்கு இடைவேளையில் ஒரு சின்ன யுத்தம்.

எல்லாம் சரியாகவும் இருக்கவில்லை. பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டு என்று ஒருவன் கொண்டுவந்தான், மூன்றாம் நிரலில் அவன் பெரியப்பா வயல் வட்டைக்குள் கடி வாங்கிப் பிழைத்த கதை விலாவாரியாக. சேர் சரி போட்டார். இறுக்கிக் கட்டுவதால் கால் அழுகிப்போகலாம், கட்டாதே, அசையாமல் வைத்துக் கெதியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்றுதான் இன்றைக்கு டொக்டர்மார் சொல்கிறார்கள். பெரியப்பாவைக் கடித்தது விஷமில்லாத பாம்பாக இருந்திருக்கலாம், யார் கண்டது. ஆனால் கதை தெரிந்தபடியால்தான் இப்படி ஒரு சந்தேகமாவது கேட்க முடிகிறது, வெறும் "கட்டு" என்ற கட்டளையிடம் எதைக் கேட்பது?

நான் 85இல் வெளிக்கிட்டவன். ஏன் வெளிக்கிட்டோம் என்று இந்த மலர் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. டொரொன்டோவில் பிள்ளைகள் வளர்ந்தபோது நானும் எல்லா அப்பாமாரையும் போலத்தான், முதல் நிரலை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தேன். கையெழுத்து வைக்காதே. காசு விஷயத்தில் ஒருவரையும் நம்பாதே. மகன் ஏன் என்று கேட்டால், சொன்னால் கேள். இருபத்திரண்டு வயதில் அவன் கூட்டாளி ஒருவனின் கார்க் கடனுக்குப் பிணை நிற்கப் போவதாக வந்து சொன்னான், நான் கத்தினேன், அவன் அறைக்கதவைச் சாத்தினான். இரவு நித்திரை இல்லை. அந்தச் சேரின் குரல்: ஆருக்கு நடந்தது, எப்ப நடந்தது?

நடந்தது எனக்குத்தான். வந்த புதிதில் ஒரு சீட்டுப் பிடித்தேன், நடத்தினவர் நான் அண்ணன் அண்ணன் என்று கூப்பிட்ட ஆள், ஒரு நாள் ஆளும் இல்லை காசும் இல்லை. நாலாயிரம் டொலர். அதில் பாதி தங்கச்சியின் கலியாணத்துக்கென்று இரவில் ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவிச் சேர்த்தது. மனைவிக்கே முழுத்தொகையைச் சொன்னதில்லை, வெட்கம். யோசித்துப் பார்த்தால் நம்முடைய புத்திமதியில் பாதிக்கு மூன்றாம் நிரல் வெறுமையாகக் கிடப்பது இதனால்தான், அங்கே எழுதவேண்டியது நாங்கள் மடையர்களாக இருந்த கதை. காலையில் கோப்பிக் கடையில் வைத்து மகனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன், தொகை உட்பட. அவன் பிணை நின்றானா இல்லையா என்று நான் கேட்கவில்லை. ஆனால் போகும்போது, "எந்த ரெஸ்டோரண்ட்?" என்று கேட்டான். காட்டினேன், இப்போது அது மருந்துக்கடை.

இனி 2004. அன்றைக்கு ஞாயிறு, பௌர்ணமிப் போயா தினம், டிசம்பர் 26. சுமத்ராவில் நிலம் ஆடியது நம் நேரத்துக்கு ஏழு மணியளவில், அலை நம் கரைக்கு வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் இருந்தது, அந்த இரண்டு மணித்தியாலமும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. முதலில் கொஞ்சம் தண்ணீர் ஏறி வந்து வற்றியது, புதினம் பார்க்கச் சனம் கடற்கரைக்குப் போனது, அடுத்தது ஆளை மூடியது. நாவலடியும் கல்லடியும் என்ன ஆனதென்று உங்களுக்குத் தெரியும், திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் சரிந்து நின்ற படம் எல்லோரிடமும் இருக்கும். அம்மா பக்கத்து மாடி வீட்டில் நின்றதால் தப்பினார். பெத்தா சொன்னது அன்றைக்கு ஞாபகம் வந்ததா என்று பிறகொரு நாள் கேட்டேன். இல்லை என்றார். காற்றுக்குச் சொன்னதைத் தண்ணீருக்கு எடுத்து வைக்க யாருக்குத் தோன்றும்? நம் கரையில் கடல் அப்படி வந்த கதை எந்தப் பெத்தாவிடமும் இருக்கவில்லை.

இந்தோனேசியாவில் சிமெலு என்றொரு தீவு, நிலநடுக்கம் தொடங்கிய இடத்துக்குக் கிட்ட. அங்கே 1907இல் கடல் வந்து நிறையச் சனத்தை எடுத்திருக்கிறது. அதை ஸ்மோங் என்று பெயர் வைத்துப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லிச் சொல்லியே வைத்திருந்தார்கள்: நிலம் பலமாக ஆடி, கடல் வற்றினால், மலைக்கு ஓடு. 2004இல் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சனம் இருந்த அந்தத் தீவில் செத்தது ஏழு பேர். இதை வாசித்த அன்று எனக்குச் சேரின் கொப்பிதான் ஞாபகம் வந்தது. அந்தக் கொப்பி எங்கே போனதென்று விசாரித்துப் பார்த்தேன், சேரும் இல்லை, பிரச்சினைக் காலத்தில் அவர் வீடும் போய்விட்டது.

2012 ஏப்ரல் 11. வருஷப் பிறப்புக்கு இரண்டு நாள். பின்னேரம் திரும்பவும் சுமத்ரா ஆடியது, இந்த முறை எச்சரிக்கை உடனே வந்துவிட்டது. அம்மாவும் தங்கச்சியும் பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கச்சியின் மகனுக்குப் பன்னிரண்டு வயது. அவன் அடுப்பை அணைத்து, அம்மம்மாவைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஆட்டோவில் ஏற்றினான். புதுப்பாலம் அப்போது திறக்கவில்லை, 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலம்தான், ஒரு வாகனம் போகிற அகலம், முழுக் கல்லடியும் அதில் நெரிந்தது. ஒருவழியாக அரசடியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இருட்டினபிறகு ஆபத்து நீங்கிவிட்டது என்று அறிவித்தார்கள். ஒரு அலையும் வரவில்லை. எல்லோரும் வெளிக்கிட, இவன் மட்டும் வாசற்படியில் குந்திக்கொண்டு மாட்டேன் என்கிறான். போனது திரும்பி வரும், விடியட்டும். அறிவித்தாச்சு மகன், என்று தாய் சொல்லியும் எழும்பவில்லை. கடைசியில் எல்லோரும் அங்கேயே பாய் போட்டுப் படுத்தார்கள்.

அடுத்த நாள் அம்மா தொலைபேசியில் அரை மணித்தியாலம் எனக்கு முறைப்பாடு: பணியாரத்தை எறும்பு தின்றுவிட்டதாம், ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய் வீணாம், இவனுக்கு உந்தக் கதையெல்லாம் சொல்லிக் குடுத்தது என்ர பிழைதான் என்றார். பின்னால் அவன் போனைத் தா தா என்று பிடுங்குகிற சத்தம்.

"மாமா, உங்கட பெத்தாட அண்ணன், கண்டுக்குட்டி அவிழ்க்கப் போனவர், அவர்ர பேர் என்ன?"

எனக்குத் தெரியாது. அம்மாவிடம் கேட்கச் சொன்னேன். அம்மாவுக்கும் தெரியாது.