தள்ளுபடிச் செடிகளை வாங்கலாமா?

பெரிய கடைகளில் ஓரமாக ஒதுக்கி, பாதி விலைக்குத் தரும் வாடிய செடிகளை வாங்கலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம், வேரைப் பார்த்துவிட்டு.

தொட்டியைச் சாய்த்து, செடியை மண்ணோடு மெல்ல உருவிப் பாருங்கள். வேர் வெளுப்பாக, உறுதியாக இருந்தால் இலை வாடியிருந்தாலும் பிழைக்க வாய்ப்பு அதிகம். பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று இருந்து நாற்றம் அடித்தால் வேரழுகல், விட்டுவிடுங்கள். மண் ஈரமாக இருந்தும் செடி துவண்டு நின்றால் அதுவும் பெரும்பாலும் இதே கோளாறுதான். காய்ந்து துவண்டதை மீட்பது எளிது. காய்ந்த மண்கலவை மேலே ஊற்றும் நீரைப் பிடிக்காமல் ஓரமாக வழியவிடும். தொட்டியை அரை மணி நேரம் தண்ணீரில் வைத்தால் அடியிலிருந்து இழுத்துக்கொள்ளும்.

அப்புறம், இலையின் அடிப்பக்கம். மாவுப்பூச்சியோ சிலந்திப்பேனோ தெரிந்தால் எனக்கு அந்தச் செடி வேண்டவே வேண்டாம். வீட்டில் நன்றாக இருக்கும் செடிகளுக்கும் பரவிவிடும். சுத்தமாகத் தெரிவதையும் இரண்டு மூன்று வாரம் தனியாக வையுங்கள். புதுத் தளிர் வரும்வரை உரம் வேண்டாம்.

ஒரு பருவத்தோடு முடியும் பூச்செடிக்கு இவ்வளவு மெனக்கெட மாட்டேன். பல வருடம் வாழும் செடி, நகத்தால் தண்டைக் கீறினால் உள்ளே பச்சை தெரிகிறது என்றால் உடனே எடுத்துக்கொள்வேன். பூத்து முடிந்தது என்பதற்காகவே ஒதுக்கப்பட்டவை அங்கே நிறைய இருக்கும்.