இடைவேளைக்கு எந்திரிச்ச கதை

2025 ஆகஸ்ட்ல ரஜினியோட கூலி படம் பாக்கப் போயிருந்தோம். ஸ்டுட்கார்ட் பக்கம் தமிழ்ப் படம்னா வாரக் கடைசில ஒரு ஷோ, மிஞ்சிப் போனா ரெண்டு ஷோ, அதுவும் வாட்ஸ்அப் குரூப்ல யாராவது போட்டா தான் தெரிய வரும், அதனால தலைவர் படம்னதும் யோசிக்காம டிக்கெட்டப் போட்டாச்சு. ஊர்லயே ஏ சர்டிபிகேட் வாங்குன படம், இங்க ஏழு வயசுப் பையனக் கூட்டிட்டுப் போற பேச்சே இல்ல, அவன ஃப்ரெண்டு வீட்ல விட்டுட்டு நானும் வீட்டுக்காரரும் மட்டும் போனோம். விசில், கூச்சல் எல்லாம் ஓரளவுக்கு இருந்துச்சு. டைட்டில் கார்டுக்கு ஒருத்தர் ஆபீஸ் பேப்பரக் கிழிச்சுப் பறக்க விட்டாரு. படம் முடிஞ்சதும் அவரே குனிஞ்சு ஒன்னொன்னா பொறுக்கி பைல போட்டுட்டு இருந்தாரு பாருங்க, அதுக்கு மேல ஜெர்மனி ஒரு மனுசன மாத்த முடியாது.

ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல. பாதிப் படத்துல ஒரு பெரிய பில்டப், அனிருத் அடிச்சு நொறுக்குறாரு, ஸ்கிரீன்ல இடைவேளைன்னு வருது. நான் சீட்ட விட்டு எந்திரிச்சுட்டேன். வீட்டுக்காரர் கை பர்ஸுக்குப் போயிருச்சு. முன்னாடி வரிசைல நாலஞ்சு பேரு பாதி எந்திரிச்சு நிக்கிறாங்க. ஒரு மூச்சு விடுற நேரம் தான், லைட்டும் போடல ஒன்னும் போடல, அடுத்த சீன் ஓட ஆரம்பிச்சிருச்சு. எல்லாரும் சேலைய சரி பண்ண எந்திரிச்ச மாதிரி, சட்டைய இழுத்துவிட எந்திரிச்ச மாதிரி, அப்படியே நைஸா உக்காந்துட்டோம். பின்னாடி இருந்து ஒரு பெரியவர், "ஏப்பா, ஒன்னுக்குப் போகக்கூட விட மாட்டீங்களா"ன்னாரு. அந்த சிரிப்புல ரெண்டாவது பாதியோட முதல் டயலாக் யாருக்கும் கேக்கல.

படம் எப்படின்னு கேட்டா, சௌபின் ஷாஹிர் படம்னு சொல்லுவேன். மோனிகா பாட்டுக்கு அந்த மனுசன் ஆடுன ஆட்டமும் சரி, அதுக்கப்புறம் காட்டுற வில்லத்தனமும் சரி, நாகார்ஜுனா கோட்டு சூட்டு எல்லாம் அதுக்கு முன்னாடி தூசு. ரஜினி சினிமாவுக்கு வந்து 50 வருசம் ஆகுறதுக்கு முந்தின நாள் ரிலீஸ் பண்ணாங்க, அந்த மரியாதைக்காகவாவது கதைய இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டியிருக்கலாம். யார் யாருக்கு என்ன உறவு, யார் யார எதுக்குக் கொன்னாங்கன்னு ரெண்டாவது பாதில எனக்கு ஒரே குழப்பம். ஆனா நியாயமாப் பாத்தா தப்பு டைரக்டர் லோகேஷ் மேல மட்டும் இல்ல. பத்து நிமிசம் வெளிய விட்டிருந்தா "அவன் அப்ப செத்துட்டானா இல்லையா"ன்னு வீட்டுக்காரர்ட்ட கேட்டுத் தெளிஞ்சிருப்பேன்ல?

நம்ம படமே அதுக்குத் தான கட்டுறாங்க. இன்டர்வல் பிளாக்குன்னு தனியா ஒக்காந்து எழுதுறாங்க. ஒரு போடு போட்டு வெளிய அனுப்புவாங்க, நாம டீயக் குடிச்சுக்கிட்டே "இவன் தான் வில்லன், எழுதி வச்சுக்க"ன்னு பேசிட்டு வந்து உக்காரணும். கிட்டத்தட்ட மூணு மணி நேரப் படத்த நிறுத்தாம ஓட்டுனா, சாம்பார் சோறு வாயில இருக்கும்போதே ரசத்த ஊத்துன மாதிரி இருக்கு.

இதுல கொடுமை என்னன்னா இந்த ஊர்க்காரங்களுக்கும் ஒரு இடைவேளை இருக்கு, ஆனா அது படம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி. முதல்ல இருபது நிமிசம் விளம்பரம், டிரெய்லர். அப்புறம் சில தியேட்டர்ல லைட்டப் போட்டு, ஒரு பையன் தட்டுல ஐஸ்கிரீம் வச்சுக்கிட்டு வந்து யாருக்காவது வேணுமான்னு கேப்பான். இன்னும் படமே போடலையேடா, எதுக்குடா பிரேக்கு? பாப்கார்ன் வேற இனிப்பு. முதல் தடவை தெரியாம வாங்கி இருட்டுல ஒரு கை அள்ளி வாயில போட்டுட்டு நான் முழிச்ச முழி! இப்ப வாய்விட்டு "உப்பு, உப்பு"ன்னு கேட்டு வாங்குறேன். என் மகனுக்கு அந்த இனிப்பு தான் பாப்கார்னு, உப்பு போட்டது தான் ஏதோ தப்பா செஞ்சது.

ஒன்பது வருசம் ஆச்சு இங்க வந்து. நல்லாவே செட்டில் ஆயிட்டோம்னு தான் சொல்லுவேன். பாட்டில எல்லாம் சேத்து வச்சு மெஷின்ல போட்டு 25 சென்ட் 25 சென்ட்டா எண்ணி வாங்குறோம், ஞாயித்துக்கிழமை ஆணி அடிக்கிறதில்ல, எங்க முறை வந்தா கேர்வோஹேன்னு, அதாவது பெருக்குற வாரம்னு, ஒரு போர்டு நம்ம கதவுல தொங்கும், அந்த வாரம் மாடிப்படி பூரா நான் தான் பெருக்கித் தொடைக்கிறேன். அம்மா வீடியோ கால்ல பாத்துட்டு, "இங்க இருந்தவரைக்கும் வாசல் தெளிக்க எந்திரிச்சது இல்ல"ன்னாங்க.

தியேட்டர் நாகரிகமும் கத்துக்கிட்டேன். உக்காந்திருக்கவங்களத் தாண்டி சீட்டுக்குப் போகும்போது அவங்கள பாத்த மாதிரி போகணும், முதுகக் காட்டிட்டுப் போனா மரியாதை இல்லையாம். நம்ம ஊர்ல "கால எடுங்க, கால எடுங்க"ன்னு பின்பக்கத்த இடிச்சுக்கிட்டுத் தான போவோம். இங்க முகத்தப் பாத்து சிரிச்சுக்கிட்டே பன்னெண்டு பேரத் தாண்டுறதுக்குள்ள ஏதோ கல்யாண வரவேற்புல நிக்கிற மாதிரி ஆயிருது.

இந்த மரியாதை எல்லாம் ஒரு படத்துல எனக்குப் பிடிச்சுப் போச்சு, பொய் சொல்லக் கூடாது. பெர்ஃபெக்ட் டேஸ்னு விம் வெண்டர்ஸ் எடுத்தது, 2023ல வந்தது, ஒரு சின்ன தியேட்டர்ல திரும்பப் போட்டாங்க. டைரக்டர் ஜெர்மன்காரர், படம் ஜப்பானிய மொழி, கீழ ஜெர்மன் எழுத்து, பாக்குறது மதுரைக்காரி. டோக்கியோல பொதுக் கழிப்பறை சுத்தம் பண்றவரோட கதை. கதைன்னா என்ன, காலைல எந்திரிக்கிறாரு, வேன்ல கேசட் போட்டுப் பாட்டு கேக்குறாரு, கழுவுறாரு, மரத்துக்கு அடில உக்காந்து போட்டோ எடுக்குறாரு, மறுநாளும் அதே. எப்ப யாரு அடிக்க வரப் போறாங்கன்னு முதல் அரை மணி நேரம் காத்துக்கிட்டு இருந்தேன், யாரும் வரல. அப்புறம் அந்த கேசட்ட அவர் பொத்திப் பொத்தி எடுக்குறதப் பாத்ததும், ஒரு பக்கத்துக்கு இத்தன பாட்டுன்னு பேப்பர்ல எழுதிக் குடுத்து கேசட் பதிஞ்சு வாங்குனது, சுத்திக்கிட்டா பென்சில விட்டுத் திருகுனது எல்லாம் வந்து, என்னமோ தொண்டை அடைச்சிருச்சு. படம் முடிஞ்சு பேரு எல்லாம் ஓடி முடியிற வரைக்கும் ஒருத்தர் எந்திரிக்கல. அதுக்கும் அப்புறம் இலைக்கு நடுவுல விழுற வெயிலுக்கு ஜப்பான்ல ஒரு வார்த்த இருக்குன்னு போடுறாங்க, உக்காந்திருந்தவனுக்குத் தான் அது. நம்ம ஊர்ல கிளைமாக்ஸ் சண்டை நடக்கும்போதே கதவத் தொறந்து விட்டுருவாங்க, அம்மா பையத் தூக்கிட்டு வாசலுக்குப் பக்கத்துல போய் நின்னுக்கிட்டே தான் எல்லாப் படத்தோட முடிவையும் பாத்திருக்காங்க.

டூரிஸ்ட் ஃபேமிலிய ஒரு யாழ்ப்பாணத்து அக்காவோட பாத்தேன். கடல் தாண்டி ராமேஸ்வரம் வந்து சென்னைல ஒளிஞ்சு வாழ்ற குடும்பம், சசிகுமார், சிம்ரன். நான் ரெண்டு எடத்துல அழுதேன். வாயத் தொறந்தா இலங்கைத் தமிழ்னு தெரிஞ்சிரும், பேசாதீங்கன்னு பிள்ளைகள அடக்குற எடத்துல அக்கா மட்டும் கமுக்கமா இருந்தாங்க. சிரிக்கவும் இல்ல, அழவும் இல்ல. வெளிய வந்து கேட்டேன், எப்படிக்கா இருந்துச்சுன்னு. "நல்லாத்தான் இருக்கு. ஆனா சீனி கொஞ்சம் கூடிப்போச்சு"ன்னாங்க. அதுக்கு மேல நான் எதும் கேக்கல. தெருவுல இருக்க அத்தன பேரும் அவ்ளோ நல்லவங்களா இருப்பாங்களான்னு வீட்டுக்கு வந்தப்புறம் எனக்கும் தோணுச்சு.

இடைவேளைக்கு வர்றேன். எங்க தாத்தா தங்கம் தியேட்டர் பத்தியே பேசுவாரு. 1952 தீபாவளிக்கு பராசக்தி போட்டுத் தொறந்த தியேட்டர், 2500க்கு மேல சீட்டு, இப்ப அந்த எடத்துல ஜவுளிக்கடை நிக்குது. அத்தன பேரும் ஒரே நேரத்துல டீ குடிக்க வெளிய வந்தா எப்படி இருந்திருக்கும்! எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சினிப்ரியா, மினிப்ரியா, சுகப்ரியா தான். செகண்ட் ஷோ, ஸ்கூட்டர்ல நாலு பேரு. இடைவேளைக்கு ரெண்டு நிமிசம் முன்னாடியே அப்பா எந்திரிச்சுருவாரு, கூட்டத்துக்கு முந்திக்கணும்ல. அப்படியும் கூட்டத்துல மாட்டிக்குவாரு. முட்டை பப்ஸ் நாலு, அம்மாவுக்கு டீ, எனக்கு கோன் ஐஸ், எல்லாத்தையும் ரெண்டு கைல ஏந்திக்கிட்டு அவரு திரும்பி வரும்போது மணி அடிச்சு, லைட்ட அணைச்சு, படம் ஓட ஆரம்பிச்சு அஞ்சு நிமிசம் ஆயிருக்கும். இருட்டுல தடவித் தடவி வந்து உக்காந்ததும் முதல் கேள்வி, "என்ன ஆச்சு இதுவரைக்கும்?" நானும் தம்பியும் போட்டி போட்டுக்கிட்டுக் காதுல சொல்லுவோம். அவன் எப்பவும் இல்லாத சண்டை ஒன்ன சேத்துச் சொல்லுவான். பின் சீட்டுக்காரர் உச்சு கொட்டுவாரு. எந்தப் படத்துக்கும் ரெண்டாவது பாதியோட முதல் அஞ்சு நிமிசத்த அப்பா பாத்ததே இல்ல. வருசம் கழிச்சு டிவில போடும்போது, "இந்த சீன் நான் பாக்கவே இல்லையே"ம்பாரு.

அப்பாவும் அம்மாவும் இந்தத் தடவை தொண்ணூறு நாள் விசால வந்திருந்தாங்க. தியேட்டர் வேணாம், வீட்லயே பாப்போம்னு ஒரு சனிக்கிழமை மெய்யழகன் போட்டோம். 96 எடுத்த பிரேம்குமாரோட படம். தியேட்டர்ல நீளம்னு சொல்லி ரிலீசுக்கு அப்புறம் 18 நிமிசம் வெட்டுனாங்க, எனக்கென்னமோ அதுல வெட்ட ஒன்னும் இல்ல, கொஞ்சம் பேச்சு ஜாஸ்தி தான், ஆனா சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா பேச்சு ஜாஸ்தியாத் தான இருக்கும். 1996ல தஞ்சாவூர் வீட்ட விட்டுட்டுப் போனவரு அரவிந்த்சாமி, இத்தன வருசம் கழிச்சு ஒரு கல்யாணத்துக்கு வர்றாரு, அத்தான் அத்தான்னு கார்த்தி சுத்திச் சுத்தி வர்றாரு, அவரு பேரு என்னன்னு இவருக்கு ஞாபகம் வரல. அந்த வீட்டக் காலி பண்ற சீன்லயே அப்பா மூக்க உறிஞ்ச ஆரம்பிச்சுட்டாரு. அம்மா தூங்கிட்டாங்க.

ஓடிடில இடைவேளைன்னு கார்டு எதும் வரல, நானே குத்துமதிப்பா பாதில நிறுத்துனேன். ஃப்ரிட்ஜ்ல கெடைக்கிற மடிச்ச மாவு ஷீட்ட வாங்கி முட்டை மசாலா வச்சு பப்ஸ் பண்ணி ஓவன்ல வச்சிருந்தேன், ஏறக்குறைய நம்ம பேக்கரி மாதிரியே வரும், அந்த எண்ணெய்ப் பேப்பர் தான் கெடையாது. நான் எந்திரிக்கிறதுக்குள்ள அப்பா எந்திரிச்சுட்டாரு. "நீ உக்காரு பாப்பா, நான் எடுத்துட்டு வர்றேன்". கிச்சன்ல இருந்து சத்தம், "படத்த போடுங்க, நான் வந்துருவேன்".

நாங்க போடல. ரிமோட்ட மகன் கைல இருந்து வாங்கி நானே வச்சுக்கிட்டேன். அப்பா டீ போட்டு, எல்லாருக்கும் தட்டுல எடுத்து வச்சு, ஹால் லைட்ட அவரே அணைச்சுட்டு, மெதுவா தடவி வந்து உக்காந்தாரு.

"என்ன ஆச்சு இதுவரைக்கும்?"

"ஒன்னும் ஆகலப்பா. உங்களுக்காக நிறுத்தி வச்சிருந்தோம்."

"அப்படியா"ன்னாரு. கொஞ்சம் ஏமாந்த மாதிரி தான் இருந்துச்சு.