பிடியிலிருந்து தொடங்குங்கள்: சேலத்தில் ஒரு ஏர் பிஸ்டலைக் கைக்குப் பொருத்துவது

புதிய ஏர் பிஸ்டல் கைக்கு வந்ததும் பெரும்பாலோர் முதலில் திருகுவது ட்ரிக்கரை. அடுத்து சைட், அதாவது குறிபார்க்கும் அமைப்பு. மரப்பிடி கடைசியில்தான் நினைவுக்கு வரும். இந்த வரிசை தலைகீழானது. பிடி கையில் உட்காராதவரை விரல் ஒவ்வொரு முறையும் ட்ரிக்கரில் வேறு இடத்தில் விழும். அப்போது ட்ரிக்கரில் செய்த மாற்றம் நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

இங்கே சொல்வது 10 மீட்டர் போட்டிக்கான 4.5 மில்லிமீட்டர் ஏர் பிஸ்டலைப் பற்றி. சர்வதேச விதிப்படி ட்ரிக்கர் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது. மொத்த எடை 1500 கிராமுக்கு மேல் போகக் கூடாது. எல்லாப் பாகமும் மாட்டிய நிலையில் பிஸ்டல் 420 × 200 × 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். இதில் 50 என்ற எண்ணை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பள்ளம் நிரப்பும் மாவைப் (பட்டி போன்றது) பூசிப் பூசிப் பிடியைத் தடிமனாக்குகிறவர்கள் போட்டியின் சோதனை மேசையில் மாட்டுவது அந்த அகலத்தில்தான்.

வேலை தொடங்கும் முன் காற்றுச் சிலிண்டரைக் கழற்றுங்கள். மீதிக் காற்றைப் பாதுகாப்பான திசையில் வெளியேற்றி, குழலில் பெல்லட் (ஈயக் குண்டு) இல்லை என்பதைக் கண்ணால் பாருங்கள். ட்ரிக்கர் பகுதியை மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். உள்ளே போகும் கொஞ்சம் மரத்தூளே பின்னால் ட்ரிக்கர் ஒட்டுவதற்குக் காரணமாகும்.

முதல் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். காலை ஊன்றி நின்று, இடது கையால் பிஸ்டலை வலது கையின் கட்டைவிரல் கவட்டுக்குள் அழுத்தி உட்கார வையுங்கள். கண்ணை மூடி, கையைத் தூக்கி, மணிக்கட்டை இறுக்கி, கண்ணைத் திறங்கள். குழல்வாய்ப் பக்கமுள்ள ஃப்ரண்ட் சைட், கண் பக்கமுள்ள பின்சைட்டின் பள்ளத்துக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றால் குழல்வாய் தூக்கியிருக்கிறது. பள்ளத்தின் வலது ஓரத்தில் ஒட்டினால் குழல்வாய் வலப்பக்கம் போகிறது. ஒருமுறை பார்த்து முடிவெடுக்காதீர்கள். பத்து முறை தூக்கி, ஒவ்வொன்றையும் தாளில் குறியுங்கள். மேல் கீழ் பிழை பெரும்பாலும் பிடியின் சாய்வைச் சரிசெய்யும் திருகிலேயே தீர்ந்துவிடும். பக்கவாட்டுப் பிழைக்குப் பல மாடல்களில் பிடியைத் திருப்பும் வசதி இருக்கிறது. அதையும் பயன்படுத்திய பிறகு மிஞ்சுவதுதான் அரத்துக்கும் மாவுக்கும் உரிய வேலை.

மரத்தில் எங்கே முட்டுகிறது என்பதைக் கை சரியாகச் சொல்லாது. வலி ஓரிடத்தில் இருக்கும், காரணம் வேறிடத்தில் இருக்கும். சாக்பீஸைப் பொடித்து உள்ளங்கையில் தடவி, பிடித்து, நேராக விடுங்கள். வால்நட் மரத்தின் கருமையில் வெள்ளை அப்பிய இடங்கள் மேடு, வெள்ளையே படாத இடங்கள் பள்ளம். மேட்டை அரத்தால் அரை மில்லிமீட்டர் எடுத்துவிட்டு மறுபடி பொடி தடவுங்கள். செவ்வாய்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசு வேலைக்கான கருவி விற்கும் கடைகளில் கிடைக்கும் ஊசி அர செட் விரல் இடுக்குகளுக்கு அளவெடுத்ததுபோல் இருக்கும். பெரிய பரப்புக்கு அரைவட்ட அரமும் 80, 120, 240 எண் உப்புத்தாளும் போதும். நம் மாவட்டத்திலேயே தம்மம்பட்டியில் மரம் செதுக்கும் நல்ல கைகள் இருக்கின்றன. இருந்தாலும் இந்த வேலையை அடுத்தவரிடம் கொடுக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. பத்துத் தடவை அரம் இழுத்தால் ஒருமுறை பிடித்துப் பார்க்க வேண்டும், அதைப் பார்க்கிற கை உங்களுடையதாக இருக்க வேண்டும்.

விரலுக்கு ஒரு தனிக் கணக்கு. சுட்டுவிரலின் முதல் கணுவின் சதைப்பகுதி ட்ரிக்கர் தகட்டில் செங்குத்தாக அமர வேண்டும். விரலின் மீதிப் பகுதி மரத்தைத் தொடவே கூடாது. இரண்டு மில்லிமீட்டராவது இடைவெளி தெரிய வேண்டும். தொட்டால், விரல் மடங்கும்போது மரத்தையும் சேர்த்துத் தள்ளும். குண்டு பக்கவாட்டில் ஓடும். இதை ட்ரிக்கர் பழக்கத்தின் குறை என்று நினைத்து மாதக்கணக்கில் பயிற்சி செய்கிறவர்கள் உண்டு. பிடியின் பக்கச் சுவரில் கொஞ்சம் மரத்தை எடுத்தாலே குறை போய்விடும். ட்ரிக்கர் தகட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் திருகு இதற்குப் பிறகுதான்.

பள்ளத்தை நிரப்ப நேராக மாவுக்குப் போகாதீர்கள். குழந்தைகள் விளையாடும் களிமண்ணை ஒட்டி, கண் மூடும் சோதனையை மறுபடி செய்து பாருங்கள். களிமண்ணில் சரியாக வந்த வடிவத்தை நிரந்தரமாக்க மூன்று வழி இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் எம்-சீல் உறுதியானது, ஆனால் கனமானது; முழுதாக இறுக ஒருநாள் விட வேண்டும். வண்டி டிங்கரிங் செய்கிறவர்கள் பூசும் பட்டி நிமிடங்களில் இறுகும், தேய்க்கவும் எளிது. மெல்லிய ஓரங்களில் மட்டும் பெயர்ந்து வரும். அரால்டைட்டில் சலித்த மரத்தூளைக் கெட்டியாகக் குழைத்துப் பூசுவது எடை குறைவு, மரத்தோடு மரமாகப் பிடிக்கும், நிறமும் ஒத்துப்போகும். எங்கள் தேர்வு இந்த மூன்றாவது. எதைப் பூசினாலும் அடி மரத்தை 80 எண் தாளில் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பசையைத் துடைத்த பிறகு பூசுங்கள். பூச்சு கொஞ்சம் கெட்டிப்பட்டதும் மெல்லிய கையுறையில் சோப்புத் தண்ணீர் தடவி, துப்பாக்கியைச் சுடும் நிலையில் பிடித்து அச்சு எடுங்கள். மேசைமேல் வைத்து அமுக்கினால் வரும் அச்சு வேறு, கை நீட்டிய நிலையில் வரும் அச்சு வேறு. இறுகிய பிறகு தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

சேலத்துக்கே உரிய ஒன்று கையின் அளவு. ஏப்ரல், மே வெயிலில் கை வீங்கும். காலையில் ஏற்காட்டுக் குளிரில் கச்சிதமாகச் செதுக்கிய பிடி, மதியம் கீழே தகரக் கூரை ரேஞ்சில் கையை நெரிக்கும். அதனால் செதுக்கும் முன் இருபது நிமிடம் வெறும் தூக்கும் பயிற்சி செய்து, கை சூடான பிறகு அளவு பாருங்கள். பாம் ஷெல்ஃப் என்னும் கீழ்த்தாங்கு கையைத் தாங்கினால் போதும், கவ்வக் கூடாது. அதற்கும் கைக்கும் நடுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விளையாட்டு இருக்கட்டும். விதியும் இதற்கு வரம்பு கட்டுகிறது: தாங்கின் ஓரம் மேல்நோக்கி வளையக் கூடாது, பிடி கையைச் சுற்றி வளைக்கக் கூடாது, மணிக்கட்டு வெளியே தெரிய வேண்டும்.

வியர்வைக்கு வார்னிஷ் எதிரி. வழவழப்பான பிடி முப்பதாவது குண்டுக்குள் நழுவத் தொடங்கும். கொலுசுப் பட்டறையில் புள்ளி போடும் சிறு பொளியை வைத்து மரத்தில் நெருக்கமாகப் புள்ளி தட்டினால் நல்ல சொரசொரப்பு வரும். விரல் நுனிகள் படும் முன்பக்கத்திலும் உள்ளங்கை மேட்டிலும் போதும். கட்டைவிரல் கவட்டில் தட்டினால் தோல் உரியும். மழைக்காலத்தில் மலையில் தங்கி ஆடுகிறவர்கள், அரம் பட்டுப் பூச்சுப் போன மரத்துக்கு மெல்லிய ஆளி விதை எண்ணெய்ப் பூச்சு ஒன்று கொடுத்து நன்றாக உலர்த்துங்கள். பனியில் மரம் ஈரம் குடித்து உப்பினால் சிரமப்பட்டு எடுத்த அரை மில்லிமீட்டர் திரும்பி வந்துவிடும்.

இனி ட்ரிக்கர். இழுப்பு இரண்டு கட்டம்: விரல் ஒரு சுவரில் முட்டியதுபோல் நிற்கும் வரை முதல் கட்டம், அதைத் தாண்டிக் குண்டை விடுவிப்பது இரண்டாம் கட்டம். நான்கு அளவுகள் இருக்கின்றன: முதல் கட்டத்தின் எடை, அதன் ஓட்டம், இரண்டாம் கட்டத்தின் எடை, விடுபட்ட பிறகு ஓடும் தூரம் (பின்னோட்டம்). மொத்த எடையில் பெரும்பங்கை முதல் கட்டத்துக்குக் கொடுப்பதே தொடங்குகிறவருக்கு நல்லது. 380 கிராம் அளவுக்கு முதல் கட்டம், 130 கிராம் அளவுக்கு இரண்டாம் கட்டம் என்று வைத்தால் விரல் சுவரைத் தெளிவாக உணரும். இரண்டாம் கட்டத்தை மிக மெல்லியதாக்கினால் சுவர் எது, விடுபடும் இடம் எது என்று தெரியாமல் குண்டு தானாகப் போகும். கூட்டுத்தொகையை 500-இல் நிறுத்தாமல் 510, 520-இல் விடுங்கள். எடையைத் தூக்கிப் பார்க்கும் சோதனையில் பழைய திருகு நகர்ந்திருந்தாலும் தப்பலாம்.

எடைக்கல் வாங்க வேண்டியதில்லை. சிறு பிளாஸ்டிக் பாட்டிலில் கம்பிக் கொக்கி கட்டி, மணல் நிரப்பி, வெள்ளி நிறுக்கும் மின்தராசில் கொக்கியோடு சேர்த்து 510 கிராமுக்குக் கொண்டுவாருங்கள். குழலை நேர் மேலே நிறுத்தி, ட்ரிக்கர் தகட்டின் நடுவில் கொக்கியை மாட்டி, தரையிலிருந்து மெதுவாகத் தூக்குங்கள். சிலிண்டரை மாட்டி, பெல்லட் இல்லாமல், காற்று வெளியேறும் நிலையிலேயே சோதியுங்கள். போட்டியிலும் அப்படித்தான் பார்ப்பார்கள். திருகை ஒருமுறைக்கு எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டாம். பின்னோட்டத்தைத் தடுக்கும் திருகை அளவுக்கு மீறி இறுக்கினால் சில குண்டுகள் விடுபடாமல் நிற்கும். கால் சுற்றுத் தளர்த்தினால் சரியாகும். பிடிப்பு ஆழத்தை (ட்ரிக்கருக்குள் பாகங்கள் ஒன்றையொன்று கவ்வும் ஆழம்) குறைத்துக் குறைத்துப் போனால் காக் செய்யும்போதே (சுடத் தயாராக்கும்போதே) விடுபடும் அபாயம் வரும். அந்தத் திருகைத் தயாரிப்பாளர் கையேடு சொல்லும் இடத்தைத் தாண்டித் தொடாதீர்கள்.

மின்னணு ட்ரிக்கரா, இயந்திர ட்ரிக்கரா என்பது விருப்பம். மின்னணுவில் விடுபடும் உணர்வு சீராக இருக்கும். ஆனாலும் பழுது பார்க்கும் ஆள் பக்கத்தில் இல்லாத ஊரில் திருகாணியால் தீரும் கோளாறே மேல் என்பதால் நாங்கள் இயந்திரப் பக்கம்.

சைட்டில் சொல்ல அதிகமில்லை. ஃப்ரண்ட் சைட்டின் இருபுறமும் தெரியும் வெளிச்சக் கோடு ஒவ்வொன்றும் சைட் அகலத்தில் பாதியளவு இருக்கட்டும். குறுக்கினால் சின்ன அசைவும் பெரிதாகத் தெரிந்து கை பதறும். குறிவட்டின் கருப்பு 59.5 மில்லிமீட்டர் விட்டம், அதற்குக் கீழே வெள்ளைப் பகுதியில் குறியை நிறுத்தும் வழக்கமே கண்ணுக்கு எளிது. ட்யூப்லைட் பளபளத்தால் ஃப்ரண்ட் சைட் தகட்டைக் கழற்றித் தனியே எடுத்துப்போய் கற்பூரப் புகையில் கருக்குங்கள். சிலிண்டர் இருக்கும் அறையில் தீ வேண்டாம். சைட் திருகில் உள்ள எழுத்து சில தயாரிப்புகளில் குண்டு விழுந்த பக்கத்தையும், சிலவற்றில் குண்டு போக வேண்டிய பக்கத்தையும் குறிக்கும். நான்கு க்ளிக் திருப்பி ஐந்து குண்டு சுட்டால் தெரிந்துவிடும்.

காற்றுச் சிலிண்டர் விஷயத்தில் மலையையும் அடிவாரத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். சேலத்தில் 36 டிகிரியில் 200 பார் (காற்றழுத்த அளவு) நிரப்பியது ஏற்காட்டின் 16 டிகிரிக் காலையில் 187 என்று காட்டும். அது கசிவல்ல. ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது. ஏற்காட்டில் 16 டிகிரியில் 200 வரை நிரப்பி, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து, வெயிலில் நிறுத்திய காரில் விட்டால், உள்ளே 50 டிகிரியிலேயே 223 பாரைத் தாண்டும். மேலே நிரப்பினால் 180-இல் நிறுத்துங்கள், காரில் விடாதீர்கள். கைப்பம்பில் நிரப்புகிறவர்கள் ஈரம் பிடிக்கும் வடிகட்டி இல்லாமல் பனிக்காற்றை ஏற்ற வேண்டாம். சிலிண்டர் மேல் பொறித்த காலாவதித் தேதி தாண்டியிருந்தால் நிரப்பவே கூடாது.

.22 அரைத்தானியங்கி பிஸ்டலுக்கு மாறுகிறவர்களுக்கும் வரிசை இதுதான்: பிடி, ட்ரிக்கர், சைட். வேறுபாடுகள் சில. அதற்கு உரிமம் வேண்டும். 25 மீட்டர் போட்டிகளில் ட்ரிக்கர் 1000 கிராமுக்குக் குறையக் கூடாது. பின்னால் ஓடிவரும் போல்ட்டின் பாதையில் கட்டைவிரலோ கவட்டோ வராதபடி பிடியின் மேல் உதட்டை விட்டுவைக்க வேண்டும். அங்கே மரத்தை எடுத்தால் தோல் கிழியும். உதை இருப்பதால், ஏர் பிஸ்டலில் தளர்வாக விட்ட பிடியை இங்கே நடுவிரலும் மோதிரவிரலும் நேர் பின்னோக்கி இன்னும் இறுக இழுக்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்தால் போல்ட் முழு ஓட்டம் ஓடாமல் வெற்றுத் தோட்டா வெளியே விழாமல் மாட்டலாம். தோட்டாவைக் குறை சொல்லும் முன் இதைப் பாருங்கள். சியர் (ஹாமரைப் பிடித்து வைக்கும் கொக்கி), ஹாமர் (தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் சுத்தி) பக்கம் வீட்டில் அரம் படவே கூடாது. உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு ஒவ்வொரு திருகின் தலையிலும் பக்கத்து உலோகத்திலும் சேர்ந்தாற்போல நெயில் பாலிஷால் ஒரு மெல்லிய கோடு இழுங்கள். பயணத்தில் முதலில் தளர்வது பிடித் திருகுதான். கோடு விலகியிருந்தால், சோதனைக் குண்டு சுடும் முன்பே தெரியும்.