கிளாசன் லிக்னின்: கரும்புச் சக்கையில் எண் ஏன் கூடிவிடுகிறது?

கிளாசன் முறை லிக்னினை (தாவரச் செல்சுவரை விறைப்பாக்கும் பொருள்) நேரடியாக அளப்பதில்லை. 72% கந்தக அமிலத்தில் செல்லுலோஸும் ஹெமிசெல்லுலோஸும் கரைந்துபோன பிறகு கரையாமல் நிற்பதை எடை போடுகிறது, அவ்வளவுதான். மணல், புரதம், மெழுகு எது நின்றாலும் அது லிக்னின் கணக்கில்தான் ஏறும். கரும்புச் சக்கையில் இந்தத் தொல்லை அதிகம்.

சக்கையை 45 டிகிரிக்கு மேல் காய்ச்சாமல் உலர்த்தி, அரைத்து, 180 முதல் 850 மைக்ரான் வரையுள்ள துகள்களை எடுங்கள். பெரிய துகள் முழுதாகக் கரையாது, எண் கூடும். ரொம்பப் பொடியானதில் சர்க்கரை சிதையும். சாம்பலும் அங்கேதான் சேரும். அதற்காகப் பொடியை எடை பார்க்காமல் கொட்டிவிடாதீர்கள். சக்கையின் உட்சோறு (நடுவிலுள்ள மென்பகுதி) பெரும்பாலும் அதில்தான் போகிறது. பிறகு சாக்ஸ்லெட்டில் (சூடான கரைப்பானால் திரும்பத் திரும்பக் கழுவிப் பிரிக்கும் கண்ணாடிக் கருவி) முதலில் தண்ணீர், அடுத்து எத்தனால். இந்தப் படியை விட்டுவிட்டால் மெழுகும் பிசினும் அமிலத்தில் கரையாமல் எச்சத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

300 மி.கி. மாதிரிக்கு 3 மி.லி. அமிலம், 30 டிகிரி நீர்த்தொட்டியில் 60 நிமிடம். 5-10 நிமிடத்துக்கு ஒருமுறை டெஃப்லான் குச்சியால் கிளறுங்கள். குச்சியை அமிலத்திலிருந்து வெளியே எடுக்கவே கூடாது. அடியில் கட்டி தங்கினால் அதன் உள்ளே அமிலம் இறங்காது. பின் 84 மி.லி. தண்ணீர் சேர்த்தால் அமிலம் 4% ஆகும். மூடி, 121 டிகிரி ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலம்) ஒரு மணி நேரம். ஆறியபின்தான் மூடியைத் திறக்கவேண்டும்.

வடிகட்டும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: கழுவுநீர் கலப்பதற்கு முன்பே வடிநீரைத் தனியே எடுத்துவைக்கவேண்டும். சர்க்கரைக் கணக்கும் அமிலத்தில் கரையும் லிக்னினும் அதில்தான் இருக்கின்றன. கரையும் லிக்னினை 6 மணி நேரத்துக்குள் 240 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் பார்த்துவிடுங்கள். சக்கைக்கு உறிஞ்சுதிறன் கெழு (உறிஞ்சலை லிக்னின் அளவாக மாற்றும் எண்) 25, உறிஞ்சல் அளவீடு 0.7-க்கும் 1.0-க்கும் இடையில் வரும்படி நீர்க்கச் செய்யுங்கள்.

எச்சத்தை 105 டிகிரியில் உலர்த்தி எடை பார்த்து, 575 டிகிரியில் சாம்பலாக்கி மறுபடி எடை பாருங்கள். கழிக்கவேண்டியது இந்த எச்சத்தின் சாம்பலை. மூலச் சக்கையின் சாம்பலை அல்ல. மூலத்தின் உப்புகளில் ஒரு பகுதி அமிலத்தோடு ஏற்கெனவே போய்விட்டது, மணலும் சிலிக்காவும்தான் மிஞ்சுகின்றன. ஒரு மாதிரிக் கணக்கு: 6% ஈரம் என்றால் 300 மி.கி.யில் உலர் எடை 282. எச்சம் 72, அதில் சாம்பல் 9 என்றால் 63/282, அதாவது 22.3%. சாம்பலை மறந்தால் 25.5% வரும். சாக்ஸ்லெட்டில் 8% போயிருந்தால், மூலச் சக்கைக்குக் கணக்கு 20.6% தான். எந்த அடிப்படையில் சொன்ன எண் என்று எழுதாத அட்டவணையை வேறொன்றோடு ஒப்பிடுவது வீண்வேலை.

லிக்னினின் அமைப்பைப் பார்க்க இந்தக் கறுத்த எச்சத்தைத் தொடாதீர்கள்; அமிலம் அதன் பிணைப்புகளை மாற்றி இறுக்கிவிட்டிருக்கும். அதற்குப் பந்து ஆலையில் அரைத்து டைஆக்சேனில் பிரித்த லிக்னினையோ, பிரிக்காத சக்கையையோ எடுக்கவேண்டும். பைராலிசிஸ் ஜிசி-எம்எஸ்ஸில் (சூட்டில் சிதைத்து, வரும் துண்டுகளைப் பிரித்து அடையாளம் காணும் முறை) பெரிதாக வரும் 4-வினைல்ஃபீனாலை எச் அலகு (லிக்னினைக் கட்டும் அடிப்படை அலகுகளில் ஒன்று) என்று எண்ணிவிடாதீர்கள். சக்கையில் அது பெரும்பாலும் லிக்னினோடு எஸ்டராக ஒட்டியிருக்கும் பாரா-கூமாரிக் அமிலத்திலிருந்து வருவது. எச் அலகும் பாரா-கூமாரிக் அமிலமும் எச்எஸ்கியூசி என்எம்ஆரில் (காந்தப்புலத்தில் மூலக்கூறின் அமைப்பைப் பார்க்கும் முறை) தனித்தனியே தெரியும்.