ஒன்பது டப்பா பெருங்காயம்

வீடு பூரா ரசம் மணக்குது. ரசம் வைக்கலை.

நேத்து சாயங்காலம் அப்பா கடையிலிருந்து வந்து பையை டைனிங் டேபிள்ல கவுத்தாரு. அரைக்கிலோ துவரம்பருப்பு, ஒரு கட்டு கொத்தமல்லி, ஒன்பது டப்பா பெருங்காயம். ஒரு டப்பாவே எங்க வீட்டுக்கு மூணு மாசம் ஓடும். ஆக, ரெண்டேகால் வருஷத்துக்குக் கவலையில்லை.

காரணம் நான்தான். வீட்டுக்குன்னு ஒரு மளிகை லிஸ்ட் ஆப் எழுதி, ஆப் ஸ்டோருக்குப் போகாத ஆப்பை சோதிச்சுப் பாக்கக் குடுக்கிற டெஸ்ட்ஃப்ளைட் வழியா அம்மா, அப்பா ரெண்டு பேர் போன்லயும் ஏத்தி வெச்சிருந்தேன். ஆட்டுக்கல் விவகாரத்துக்கு அப்புறம் அது ரொம்ப அவசியமாப் போச்சு. பழைய ஆட்டுக்கல்லை அப்பா காயலான் கடைக்காரனுக்குத் தூக்கிக் குடுத்துட்டார். அம்மா பதினோரு நாளா அவர்கிட்ட பேசலை. மூணடி தள்ளி உக்காந்திருக்கிறவருக்கு, “உங்கப்பாகிட்ட சொல்லு, காபி ஆறுது”ன்னு என் மூலமா தகவல் போகும். ஐபோனை ஓட்டுற ஐஓஎஸ்ல இதுக்கு டெலிகேட்னு பேரு. ஆபீஸ்ல அதை எழுத சம்பளம் தர்றாங்க. வீட்ல நானே அது, சம்பளம் கிடையாது.

சில நேரம் அம்மா அடுப்படியில நின்னுக்கிட்டு சுவத்தைப் பாத்து, “இந்த வீட்ல யாருக்காவது பொறுப்புன்னு ஒண்ணு இருக்கா?”ம்பாங்க. அது டெலிகேட் இல்லை, நோட்டிஃபிகேஷன் சென்டர். யாருக்குன்னு குறிப்பிடாம அறிவிக்கிறது. பதிவு பண்ணி வெச்சவங்க காதுல விழும். அப்பா அந்தப் பதிவை எப்பவோ ரத்து பண்ணிட்டார்.

சரி, பெருங்காயம். லிஸ்ட்ல முதல்ல தேங்காய், அடுத்து கொத்தமல்லி, அதுக்குக் கீழ பெருங்காயம். ஒவ்வொரு வரிசையும் ஒரு செல். ஒவ்வொண்ணுலயும் ஒரு பிளஸ் பட்டன். எந்த வரிசைன்னு, திரையை நடத்துற கண்ட்ரோலருக்குத் தெரியணுமேன்னு, பட்டனோட டேக்ல, அதாவது அதுல ஒட்டி வைக்கிற நம்பர் சீட்டுல, வரிசை எண்ணை எழுதி விட்டிருந்தேன். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுதினது. இதையே ஆபீஸ்ல ஜூனியர் பையன் எழுதினா, ரிவ்யூல நாலு பாரா உபதேசம் பண்ணுவேன்.

ரேஷன் கடை வரிசையில கையில பேனாவால நம்பர் எழுதி விடுவாங்களே, அதே கதை. முன்னாடி நின்னவர் வீட்டுக்குப் போய்ட்டாலும் நம்ம கையில பழைய நம்பர்தான். அம்மா “தேங்காய் இருக்கே”ன்னு முதல் வரிசையை அழிச்சாங்க. மத்ததெல்லாம் ஒரு படி மேல ஏறிச்சு, ஆனா திரையில ஏற்கெனவே இருக்கிற செல்லை, லிஸ்டைக் காட்டுற டேபிள்வியூ மறுபடி கேட்டு வாங்காது. அதனால டேக்ல பழைய நம்பரே நிக்கும். கொத்தமல்லி இப்போ முதல் ஆளு. கையில ரெண்டாவது ஆளோட நம்பர். அதோட பிளஸை அழுத்தினா கீழ இருக்கிற பெருங்காயம் ஏறும். அம்மாவுக்கு வேணுங்கிறது மூணு கட்டு கொத்தமல்லி. கண்ணாடி போடலை. “அழுத்துறேன் அழுத்துறேன், ஒண்ணுலயே நிக்குது”ன்னு எட்டு தடவை அழுத்தியிருக்காங்க. கடைசி வரிசையை அழுத்தியிருந்தா, அந்த நம்பர்ல ஆளே இல்லாம ஆப் அப்படியே செத்திருக்கும். குடும்பத்துக்கு நல்லதா இருந்திருக்கும்.

செல்லுக்குத் தான் எத்தனாவதுன்னு தெரியவே கூடாது. அதுக்கு நிரந்தர இடமே கிடையாது. திரையை விட்டு மேல போனா, கழுவித் துடைச்சு இன்னொரு வரிசைக்கு அனுப்புவாங்க, மெஸ் தட்டு மாதிரி. “என்னை அழுத்திட்டாங்க”ன்னு மட்டும் அது சொன்னாப் போதும். இவன் இப்போ எங்க நிக்கிறான்னு கண்ட்ரோலர் அந்த நிமிஷத்துல டேபிள்வியூகிட்ட விசாரிச்சுக்கும். (பட்டனைத் தனக்குள்ள வெச்சிருக்கிறது அதோட சூப்பர்வியூ. அந்த சூப்பர்வியூவோட சூப்பர்வியூவைப் பிடிச்சு, மாமனார் வழி சித்தப்பாவை சிபாரிசுக்குக் கூப்பிடுற மாதிரி எழுதினவங்களும் உண்டு. 2013ல ஐஓஎஸ் 7 வந்து நடுவுல இன்னொரு உறவை நுழைச்சதும் சித்தப்பா யாரோ ஆகிட்டார்.)

அப்புறம், செல் தன் டெலிகேட்டை ‘வீக்’காத்தான், அதாவது இறுக்காமத்தான், பிடிச்சுக்கணும். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் இறுக்கிப் பிடிச்சா யாரும் யாரையும் விடமாட்டாங்க, வேலை முடிஞ்சும் மெமரியிலேயே கிடப்பாங்க. எங்க ஹால்ல அப்படி ரெண்டு பேர் உக்காந்திருக்காங்க.

அம்மா டப்பாவை எண்ணி முடிச்சுட்டு என்னைப் பாத்தாங்க. “கடை வைக்கப் போறாரான்னு கேளு.”

“லிஸ்ட்ல ஒன்பதுன்னு இருந்துச்சுன்னு சொல்லு.”

நான் உண்மையை ஒத்துக்க வாயைத் திறக்குறேன், அதுக்குள்ள அம்மா நேராவே திரும்பிட்டாங்க. “ஏங்க, ஒன்பது டப்பான்னு இருந்தா ஒரு போன் போட்டுக் கேக்கக் கூடாதா?”

“கேட்டா நீ ஆட்டுக்கல்லை இழுப்பே.”

“இழுக்காம? எங்கம்மா குடுத்தது அது.”

அப்பா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. “அவன்கிட்ட போய்க் கேட்டேன். வித்துட்டானாம்”ன்னார், மெதுவா. போய்க் கேட்டது எனக்கே தெரியாது. அதுக்கப்புறம் ஒன்பது மணி வரைக்கும் ரெண்டு பேரும் நேரடியாவே சண்டை போட்டாங்க. இடையில நான் ரெண்டு தடவை ஏதோ சொல்லப் போய், “நீ சும்மா இரு”ன்னு ஒரே குரல்ல வாங்கினேன்.

ராத்திரியே ஆப்பைத் திருத்தி புது பில்ட் அனுப்பிட்டேன். பிளஸ் இப்போ ஒழுங்கா வேலை செய்யுது. காலையில லிஸ்டைத் திறந்தா, அம்மா சேர்த்த புது வரிசை: “பெருங்காயம் வேண்டாம்.” எண்ணிக்கை நாலு.