ஏழாம் நம்பர் மேசை

ஏழாம் நம்பர் ஐயா இறந்துபோனது எங்களுக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. வாடிக்கையாளரின் சாவை உணவகத்துக்கு யாரும் சொல்லியனுப்புவதில்லை.

பெயர்கூடத் தெரியாது. எங்கள் எல்லோருடைய பெயரும் அவருக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் திருப்பிக் கேட்டதே இல்லை. ‘ஏழாம் நம்பர்’ என்றால் சமையற்கட்டு வரைக்கும் விளங்கும். பகல் கூட்டம் வடிந்து நாங்கள் மூச்சுவிடும் நேரமாகப் பார்த்து வருவார். கைதட்டிக் கூப்பிட மாட்டார். யாராவது திரும்பும் வரை காத்திருப்பார். டிப்ஸ் பெரிதாக வைத்தவரும் இல்லை. (தாராளமாக வைத்துப் போன பலரின் முகம் எனக்கு மறந்தே போய்விட்டது.)

அவர் உடம்பு கெட்டதை முதலில் கண்டது, 11 ஆண்டுகளாகச் சப்ளையராக இருக்கும் நானில்லை. மேசை துடைக்கும் அக்கா. என்ன வைத்தோம் என்பதுதான் எனக்குத் தெரியும். என்ன திரும்புகிறது என்பது அவருக்குத் தெரியும்.

“தம்பி, ஒரு மாதமாகப் பாதி அப்படியே கிடக்கிறது. மென்றதைக்கூட விழுங்க முடியாமல் இலைக்கடியில் மறைத்து வைக்கிறார்” என்றார்.

மாஸ்டரிடம் சொன்னேன். மறுநாள் முதல் ஏழாம் நம்பருக்கு மட்டும் எல்லாம் குழைவாக, காரம் மட்டாக வந்தது. “கொஞ்சமாக வை, வேண்டுமென்றால் மறுபடி வை. மிச்சம் வைக்க அவர் கூச்சப்படக் கூடாது” என்றார் மாஸ்டர். ஐயா கண்டுகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். ஒரு நாள் கை கழுவிவிட்டுச் சமையற்கட்டு வாசலில் சற்று நின்றார். மாஸ்டர் அடுப்பைவிட்டுத் திரும்பவில்லை. இருவரும் பேசவில்லை.

‘டாக்டரிடம் காட்டினீர்களா ஐயா?’ என்று நான் கேட்டிருக்கலாம். சாப்பிட வந்தவரிடம் நோயைப் பற்றிக் கேட்பது எங்கள் தொழிலில் பழக்கமில்லை. அந்தப் பழக்கத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அவருடைய மகள் வந்தார். அப்பா உட்காரும் இடம் எது என்று கேட்டு, அதற்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“கடைசி மாதங்களில் வீட்டில் எதைக் கொடுத்தாலும், ‘வெளியே சாப்பிட்டுவிட்டேன்’ என்பார். இங்கே நன்றாகச் சாப்பிட்டாரா?”

“நன்றாகச் சாப்பிட்டார் அம்மா” என்றேன்.

பக்கத்து மேசையில் அக்கா, துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.